லோடிங்: காத்திருப்புக்கு ஒரு பட்டை வந்த கதை

போன்ல நீங்க தினமும் அதிக தடவை பார்க்கிற படம் எதுவா இருக்கும்? என் கணிப்பு, சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு சின்ன வட்டம். ஆப்பைத் திறந்தா வட்டம். ட்ரெயின் டிக்கெட் போட்டா வட்டம். கடையில க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணிட்டு, பணம் போச்சா இல்லையான்னு தெரியாம கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிற அந்த நாலு செகண்டும் வட்டம்தான்.

இந்த எபிசோட்ல அந்த வட்டத்தோட கதையையும், அதுக்கு அண்ணன் மாதிரியான ப்ராக்ரஸ் பாரோட கதையையும் பார்க்கப் போறோம். கதை முழுக்க ஒரே கேள்விதான் கூட வரும்: காத்திருக்கிறவங்ககிட்ட மெஷின் உண்மையைச் சொல்லணுமா, இல்ல சமாதானப்படுத்தினா போதுமா?

பதில் சொல்லாத மெஷின்

1968-ல் ஐபிஎம் நிறுவனத்துல இருந்த ராபர்ட் மில்லர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவரோட வாதம் எளிமையானது. கம்ப்யூட்டரோட நாம செய்றது ஒரு வகை உரையாடல். எதிர்ல இருக்கிறவர்கிட்ட ஒண்ணு கேட்கிறோம், அவர் ரெண்டு செகண்டுக்கு மேல பேசாம இருந்தா நம்ம யோசனை அறுந்துபோகுது. மெஷின்கிட்டயும் அப்படித்தான்.

25 வருஷம் கழிச்சு, 1993-ல், ஜேக்கப் நீல்சன் இதை மூணு எண்ணாகச் சுருக்கினார். 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா, உடனே நடந்த மாதிரி தெரியும். 1 செகண்டுக்குள்ள வந்தா, தாமதம் தெரிஞ்சாலும் யோசனை தொடரும். 10 செகண்டைத் தாண்டினா கவனம் வேற எங்கயோ போயிடும். அந்த மாதிரி நேரத்துல எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு காட்டணும் என்றார். இன்னிக்கும் ஆப் டிசைன் பண்றவங்க இந்த மூணு எண்ணையும் வெச்சிருக்காங்க.

ஆனா ஆரம்ப காலத்துல மெஷின் சொன்னது ஒரே ஒரு தகவல்தான்: "இருங்க." 1984-ல் வந்த மேக்கின்டோஷ், காத்திருக்கச் சொல்ல ஒரு கைக்கடிகாரப் படத்தைக் காட்டியது. விண்டோஸ் மணல் கடிகாரம் காட்டியது. ஆப்பிளை விட்டு வெளியே வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் ஆரம்பிச்ச நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்ல ஒரு ஆப்டிகல் டிஸ்க் இருந்தது. படிக்கவும் எழுதவும் நேரம் எடுக்கிற டிஸ்க் அது. அதனால காத்திருக்கும்போது அந்த டிஸ்க்கோட படமே சுத்தும். பிறகு ஆப்பிள் நெக்ஸ்டை வாங்கியது. டிஸ்க் போயிடுச்சு, சுத்துற படம் மட்டும் தங்கிடுச்சு. மேக்ல இன்னிக்கு எல்லாரும் "பீச் பால்"னு திட்டுற அந்தக் கலர் சக்கரம் அதோட வாரிசுதான்.

1985: பேர் கிடைச்ச வருஷம்

திரையில நிரம்பிக்கிட்டே போற பட்டை 1979-லேயே மிட்செல் மாடல் என்பவரோட பிஎச்.டி ஆய்வேட்டில் வந்துடுச்சு. ஆனா அதால மனுஷங்களுக்கு என்ன பயன்னு கேட்டுப் பார்த்தவர் பிராட் மையர்ஸ். அதுக்கு முன்னாடி பெர்க் என்ற கம்ப்யூட்டருக்காக அவர் ஒரு விண்டோ சிஸ்டம் எழுதியிருந்தார். அதுல ஒவ்வொரு வேலையோட ஐகானுக்குள்ளயும் ஒரு குட்டிப் பட்டை. எந்த வேலை எவ்வளவு முடிஞ்சதுன்னு ஒரு பார்வையில தெரிஞ்சுக்கிட்டு, நீங்க வேற வேலையைப் பார்க்கலாம்.

1985-ல், டொராண்டோ பல்கலைக்கழகத்துல மாணவரா இருந்தப்போ, 48 மாணவர்களை டேட்டாபேஸ்ல தேட வெச்சார். பட்டையோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை. 86 சதவீதம் பேர் பட்டைதான் பிடிச்சிருக்குன்னாங்க. இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பட்டை அவ்வளவு துல்லியமா இல்லாட்டியும் பரவாயில்லை, ஒண்ணுமே இல்லாததுக்கு அதுவே மேல்னு மக்கள் நினைச்சாங்க. பின்னாடி வந்த நல்லதும் கெட்டதும் இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் கிளம்புச்சு.

அதே 1985-ல், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாம, டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் ஆசிரியர் கியூவில் நிற்கிறவங்க மனநிலையைப் பற்றி எழுதினார். எவ்வளவு நேரம்னு தெரியாத காத்திருப்பு நீளமா தெரியும். ஏன்னு காரணம் சொல்லாத காத்திருப்பும் நீளமா தெரியும். கை சும்மா இருந்தாலும் நீளமா தெரியும். டோக்கன் நம்பர் கூப்பிடுற ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடாத ஆஸ்பத்திரிக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும்தானே, அதேதான்.

99-ல ஏன் நிக்குது?

இங்க கொஞ்சம் டெக்னிக்கலா போகணும். சதவீதம் காட்டணும்னா மொத்தம் எவ்வளவுன்னு தெரியணும். ஒரு ஃபைலை டவுன்லோட் பண்ணும்போது சர்வர் அதோட அளவை முன்கூட்டியே சொல்லிட்டா கணக்கு சுலபம். சொல்லலைன்னா, இதுவரைக்கும் எவ்வளவு வந்ததுன்னுதான் சொல்ல முடியும், இன்னும் எவ்வளவு பாக்கின்னு சொல்ல முடியாது. அப்பதான் வட்டத்தைச் சுத்த விடுவாங்க.

மொத்தம் தெரிஞ்சாலும் சிக்கல் இருக்கு. பழைய விண்டோஸ்ல ஃபைல் காப்பி பண்ணவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: "2 நிமிடம்"னு ஆரம்பிச்சு, "3 மணி நேரம்"னு தாவி, திடீர்னு முடிஞ்சுடும். ஒரே ஒரு பெரிய ஃபைலை நகலெடுக்கிறதும், அதே அளவுக்கு ஆயிரம் குட்டி ஃபைல்களை நகலெடுக்கிறதும் ஒரே வேகத்துல நடக்காது. இப்ப ஓடுற வேகத்தை வெச்சு மிச்சத்தைக் கணிச்சா கணக்கு தப்பும். மெஷின் அங்க வேணும்னு பொய் சொல்லலை. அதுக்கே தெரியாததை ரொம்பத் தெரிஞ்ச மாதிரி சொல்லுச்சு.

வட்டத்துக்கு இன்னொரு குறை. நிறைய சிஸ்டங்கள்ல திரையில சுத்துற அனிமேஷன் ஒரு பக்கம் ஓடும், உண்மையான வேலை வேற பக்கம் ஓடும். நெட் அறுந்து வேலை நின்னு போனாலும் வட்டம் ஜாலியா சுத்தும். ஆப் எழுதினவர் "இத்தனை செகண்டுக்கு மேல ஆனா நிறுத்து"ன்னு சொல்லி வெச்சிருந்தாத்தான் அது நிக்கும்.

நேரத்தைச் சுருக்கும் வித்தை

2007-ல் கதை திரும்புது. அமெரிக்காவில் கிறிஸ் ஹாரிசனும் அவரோட குழுவும் ஒரு சோதனை செஞ்சாங்க: ஒரே நேரம் எடுக்கிற பட்டைகளை வேற வேற விதமா ஓட விட்டா மக்கள் எதை வேகம்னு சொல்வாங்க? கடைசிக் கட்டத்துல வேகமெடுக்கிற பட்டை சீக்கிரம் முடிஞ்ச மாதிரி தெரிஞ்சுது. கடைசியில தயங்கி நிக்கிற பட்டை எரிச்சலைக் கிளப்புச்சு. 2010-ல் இன்னொரு சோதனை. பட்டைக்குள்ள கோடுகள் பின்னோக்கி நகர்ந்தா, அதே நேரம் சுமார் 11 சதவீதம் குறைவா தோணுச்சு.

அடுத்த வருஷம் ரயன் புயல், மைக்கேல் நார்ட்டன் ரெண்டு பேரோட ஆய்வு வந்தது. டிக்கெட் தேடுற ஒரு தளம், இப்ப எந்தெந்த விமான நிறுவனத்துல தேடிக்கிட்டு இருக்குன்னு வரிசையா காட்டினா, காத்திருப்பு நீண்டாலும் மக்கள் அந்தச் சேவையை அதிகமா மதிச்சாங்க. நமக்காக ஒருத்தர் உழைக்கிறார்னு கண்ணுல தெரியுதே!

இதுல இருந்து அடுத்த படிக்கு இறங்க ரொம்ப நேரம் ஆகலை. அமெரிக்காவில் வருமான வரி தாக்கல் செய்ய உதவுற டர்போடாக்ஸ் மென்பொருள்ல, உங்க கணக்கைச் சரிபார்க்கிறோம்னு ஒரு அனிமேஷன் ஓடும். அது சர்வரோட எதையும் பேசாம வெறுமனே ஓடுற அனிமேஷன்னு 2017-ல் பத்திரிகையில் வந்தது. பயனர்களுக்கு நம்பிக்கை தரத்தான் இந்த மாதிரி டிசைன்னு நிறுவனமும் ஒத்துக்கிட்டது. வேலை ஏற்கனவே முடிஞ்சாச்சு, பட்டை மட்டும் ஓடுது.

போனுக்குள்ள வந்தப்போ

ஸ்மார்ட்போன் வந்ததும் ஒவ்வொரு ஆப்பும் நெட்டை நம்பி வாழ ஆரம்பிச்சுது. சிஸ்டத்தோட சேர்த்து வந்த ரெடிமேட் ஸ்பின்னரை எடுத்து எல்லாரும் எல்லா இடத்துலயும் வெச்சாங்க. லூக் ரோப்லெவ்ஸ்கியோட குழு போலார் என்ற வாக்கெடுப்பு ஆப்ல இதைச் செஞ்சுது. உடனே ஆப் மெதுவாயிடுச்சுன்னு புகார். காத்திருப்பு கண்ணுல பட்டதுதான் காரணம்னு 2013-ல் அவர் எழுதினார். ஸ்பின்னரை எடுத்துட்டு, வரப்போற பக்கத்தோட வெத்து உருவத்தைச் சாம்பல் கட்டங்களா காட்டினாங்க. இன்னிக்கு எத்தனையோ ஆப்ல நீங்க பார்க்கிற 'ஸ்கெலிட்டன் ஸ்கிரீன்' அதுதான்.

இன்னொரு பக்கம் அலங்காரம் வளர்ந்தது. முன்னாடி ஒரு டிசைனர் அழகா ஒரு லோடிங் அனிமேஷன் வரைஞ்சா, டெவலப்பர் அதை உட்கார்ந்து கோடா மாத்தணும், இல்ல கனமான ஜிஃப் ஃபைலா வைக்கணும். 2017-ல் ஏர்பிஎன்பி 'லாட்டி' என்ற இலவசக் கருவியை வெளியிட்டது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல வரைஞ்ச அனிமேஷனை ஒரு சின்ன ஜேசான் ஃபைலா மாத்தி ஆண்ட்ராய்ட், ஐபோன் ரெண்டுலயும் ஓட்டலாம். நிறம், வேகம், அளவு எல்லாம் நம்ம இஷ்டம். அந்தப் பேர், நிழலுருவ அனிமேஷன்ல முன்னோடியான ஜெர்மன் கலைஞர் லாட்டே ரைனிகரோட நினைவா வெச்சது. காகிதத்தை வெட்டி ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்தி, 1926-லேயே ஒரு முழுநீளப் படம் எடுத்தவர் அவர்.

இப்ப ஸ்கூட்டர் ஓடுற லோடர், பிரியாணி வேகுற லோடர் எல்லாம் ஒரு மதியத்துல சேர்த்துடலாம். ஆனா ஸ்கூட்டர் ஓடுதுன்னா டெலிவரி கிளம்பிடுச்சுன்னு அர்த்தமா? அந்தப் படத்துக்கும் நடக்கிற வேலைக்கும் இணைப்பு இருக்கான்னு பார்க்கிறவருக்குத் தெரிய வழியில்லை. உணவு ஆர்டர்னா போகட்டும். பணம் அனுப்பும்போது அப்படி விட முடியாது. சுத்துறதை நம்பிக் காத்திருக்கிறதா, திரும்ப அனுப்புறதான்னு ஒருத்தர் அங்க முடிவெடுக்கணும். தப்பா எடுத்தா ரெண்டு தடவை பணம் போகும்.

நீங்க ஆப் செய்றவரா இருந்தா, அனிமேஷன் எவ்வளவு அழகா வேணும்னாலும் இருக்கட்டும். மூணு கேள்விக்கு அது உண்மையான பதில் சொல்லுதான்னு மட்டும் பாருங்க: வேலை நடக்குதா? எவ்வளவு பாக்கி? நான் இதை விட்டுட்டு வேற வேலை பார்க்கலாமா? மையர்ஸ் பெர்க்ல செஞ்சு கொடுத்தது அந்த மூணாவது வசதியைத்தான். நம்ம ஆப்கள் இப்ப அதிகமா மறந்திருக்கிறதும் அதைத்தான்.

உங்க போன்ல இருக்கிற ஆப்கள்ல எது காத்திருக்கும்போது உண்மையைச் சொல்லுதுன்னு இந்த வாரம் கவனிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.