டிஜிட்டல் உள்ளீடு கொண்ட கையடக்க ஒலிப்பதிவுக் கருவி

ஒலியை மின்னலையாக மட்டுமன்றி, வேறொரு சாதனம் ஏற்கெனவே எண்களாக மாற்றிக் கொடுத்த நிலையிலும் வாங்கி, நினைவட்டையிலோ தகட்டிலோ நாடாவிலோ சேமித்து வைக்கக்கூடியதாயும், தோள்பையில் எடுத்துச் செல்லத்தக்கதாயும் உள்ள சாதனமே இப்பெயரால் குறிக்கப்படுவது. சாதாரணப் பதிவுக் கருவியில் மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் ப்ரீஆம்ப் பெருக்குகிறது. பெருகிய அலையைக் கன்வெர்ட்டர் எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்கள் நினைவட்டையில் எழுதப்படுகின்றன. டிஜிட்டல் உள்ளீட்டின் வழியே பதிவு செய்யும்போது முதல் இரண்டு காரியங்களும் கருவிக்கு வெளியிலேயே முடிந்துவிடுகின்றன. எழுதி வைப்பதொன்றே அதன் வேலையாக எஞ்சுகிறது.

இவ்வுள்ளீட்டின் பிரயோஜனம் முழுவதும் இவ்வொரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. மலிவான கருவிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் உள்ள தாரதம்மியம் பெரும்பாலும் ப்ரீஆம்ப்பின் இரைச்சலிலும் கன்வெர்ட்டரின் தரத்திலுமே தென்படுகிறதேயன்றி, எண்களை எழுதும் பகுதியில் அன்று. வந்த எண் வந்தபடியே எழுதப்படுமானால், எழுதிய கருவி எத்தனை எளியதாயினும் பதிவில் அதனால் ஒரு குறையும் நேர்வதில்லை. ஆகவே நல்ல ப்ரீஆம்ப்பும் கன்வெர்ட்டரும் சேர்ந்த புறச்சாதனம் ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு, டிஜிட்டல் உள்ளீடுள்ள எளிய கருவி ஒன்று பெருந்தொகையை மிச்சப்படுத்தும். அத்தகைய சாதனம் தம்மிடம் இல்லாமல், அதை வாங்கும் உத்தேசமும் இல்லாதவர்கள், இவ்வுள்ளீட்டுக்கென ஒரு ரூபாயும் அதிகம் கொடுக்க வேண்டுவதில்லை என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான அபிப்பிராயம். அவர்கள் அப்பணத்தை நல்ல மைக்கில் செலவிடுவது மேல்.

சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு கம்பெனிகளும், எண்வடிவ ஒலியை ஒரு சாதனத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதற்கென வகுத்த எஸ்பிடிஃப் என்னும் முறையே வீட்டு உபயோகச் சாதனங்களில் இன்றளவும் வழங்குகிறது. 1987இல் சோனி வெளியிட்ட டாட் என்னும் டிஜிட்டல் ஒலிநாடா, 16 பிட் அளவில், விநாடிக்கு 48,000 மாதிரிகள் வரை பதிவு செய்யவல்லதாய் இருந்தது; அதன் கையடக்க வடிவங்கள், அமெரிக்காவில் இசை நிகழ்ச்சிகளைக் கலைஞர்களின் அனுமதியோடு பதிவு செய்து வந்த ரசிகர்களிடையே பரவின. கிரேட்ஃபுல் டெட் என்னும் இசைக்குழு 1984ஆம் ஆண்டிலேயே பதிவாளர்களுக்கென அரங்கில் தனியிடம் ஒதுக்கத் தொடங்கியிருந்தமையால், உயர்ந்த மைக்கையும் புறக் கன்வெர்ட்டரையும் சுமந்து வந்து, எழுதுவதற்கு மட்டும் சிறு கருவியை உபயோகிக்கும் பழக்கம் அவ்வட்டாரத்தில் நன்கு வேரூன்றியது. எண்களை எண்களாகவே பிரதி எடுப்பதால் நூறாவது பிரதியும் முதல் பிரதியை ஒத்திருக்கும் என்ற காரணத்தால் பதிப்பாளர்கள் அச்சமுற, 1992ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று, பிரதியிலிருந்து மறுபிரதி எடுப்பதைத் தடுக்கும் எஸ்சிஎம்எஸ் என்னும் ஏற்பாட்டை வீட்டு உபயோகப் பதிவுக் கருவிகளில் கட்டாயமாக்கிற்று. பழைய கருவி சில சந்தர்ப்பங்களில் காரணமின்றிப் பதிவு செய்ய மறுப்பதுபோலத் தோன்றுவதற்கு இவ்வேற்பாடே ஹேதுவாக இருக்கக்கூடும்.

1992இல் வந்த மினிடிஸ்க் என்னும் சிறு தகட்டுக் கருவிகள் பலவற்றில் ஒளிவழி உள்ளீடு இருந்ததாயினும், அவை ஒலியைச் சுருக்கியே எழுதின. எழுதியதைக் கணினிக்கு ஏற்றவும் நெடுங்காலம் வழியின்றி, ஒரு மணி நேரப் பதிவை ஒரு மணி நேரம் ஓடவிட்டே பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. பிறகு வன்தட்டின் காலம் வந்தது. 2002இன் கிரியேட்டிவ் நோமட் ஜூக்பாக்ஸ் 3, அதற்கு அடுத்த ஆண்டின் ஐரிவர் ஐஎச்பி-120 ஆகிய இரண்டும் பாட்டுக் கேட்பதற்கென்று விற்கப்பட்டவையே எனினும், ஒளிவழி உள்ளீடும் சுருக்காமல் எழுதும் வசதியும் பெற்றிருந்தமையால் பதிவாளர்களின் அன்புக்குப் பாத்திரமாயின. நினைவட்டைக் கருவிகளுள் 2005இன் எம்-ஆடியோ மைக்ரோட்ராக் கோஆக்சியல் உள்ளீட்டுடன் 24 பிட் பதிவையும் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. 2007இன் சோனி பிசிஎம்-டி50 ஒளிவழி உள்ளீட்டைத் தந்தது. மராண்ட்ஸ் பிஎம்டி661, டாஸ்காம் டிஆர்-100 எம்கே2 ஆகியவை கோஆக்சியல் உள்ளீடு கொண்டவை. ஆனால் அதே காலத்தில் அதிகமாக விற்ற எடிரோல் ஆர்-09, ஜூம் எச்2 போன்ற மலிவுக் கருவிகளில் டிஜிட்டல் உள்ளீடு இல்லை. வாங்குவோர் பலர் ஏமாறுமிடம் ஒன்று இங்குண்டு: எடிரோல் ஆர்-09இல் ஒளிவழித் துளை இருப்பது மெய்யே, ஆயினும் அது வெளியீட்டுத் துளை. விளம்பரத்தில் ‘ஆப்டிகல்’ என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் திருப்தியடையாமல், உள்ளே வருவதா வெளியே செல்வதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம்.

இணைப்புகள் மூவகை. கோஆக்சியல் என்பது 75 ஓம் கம்பியில் சுமார் அரை வோல்ட் அளவில் செல்வது. அதன் முனை சாதாரண ஆடியோக் கம்பியின் ஆர்சிஏ முனையையே ஒத்திருக்கும். டாஸ்லிங்க் என்னும் ஒளிவழி முறை 1983இல் தோஷிபா கம்பெனி உருவாக்கியது. சிவப்பு ஒளி பிளாஸ்டிக் இழையின் வழியே செல்வதால் மின்சார இரைச்சல் தொற்றுவதில்லையாயினும், சிறு கருவியின் துளையில் அதன் முனை எளிதில் அசைந்து கழன்றுவிடும். மூன்றாவதாகிய ஏஇஎஸ்3, 110 ஓம் சமநிலைக் கம்பியில் அதிக மின்னழுத்தத்துடன் செல்லும் தொழில்முறை இணைப்பு. அதைக் கோஆக்சியல் உள்ளீட்டுடன் சேர்ப்பதற்குத் தக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். புறச்சாதனம் எவ்வகையோ, கருவியும் அவ்வகையாயிருப்பதே செலவு குறைந்த வழி.

டிஜிட்டல் இணைப்பில் காலக்கணக்கும் எண்களோடு சேர்ந்தே வருகிறது. வெளியிலிருந்து வரும் அத்தாளத்துக்குக் கருவி இசைந்து நடக்க வேண்டும். புறச்சாதனம் 96,000 மாதிரி வேகத்தில் அனுப்பக் கருவி 48,000க்கு மேல் அறியாததாயின், பதிவே நிகழாது. பிட் விஷயம் இதைக்காட்டிலும் ஆபத்தானது: 16 பிட் மட்டுமே எழுதும் கருவி, வரும் 24 பிட்டில் கடைசி எட்டையும் எச்சரிக்கையின்றி வெட்டி எறிந்துவிடும். ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபெல் இடைவெளி தருவதாகும். அரங்கில் திடீரென முழங்கும் தாளவாத்தியத்துக்கு இடம் விட்டு 12 டெசிபெல் தாழ்த்திப் பதிவு செய்பவர் இரண்டு பிட்டை இழக்கிறார் என்று கணக்கிட்டால், 24 பிட் எழுதும் கருவியின் அருமை விளங்கும். ஒலியளவைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் புறச்சாதனத்தில்தான் செய்யத்தக்கவை. அங்கே முகடு தட்டிச் சிதைந்த ஒலியைக் கருவியின் திருகினால் மீட்க முடியாது. இடத்தைப் பொறுத்தவரை, குறுந்தகட்டின் தரத்தில் இரண்டு தடங்கள் மணிக்கு சுமார் 635 மெகாபைட்டும், 96,000 வேகத்தில் 24 பிட் பதிவு மணிக்கு 2 ஜிகாபைட்டுக்குச் சற்று மேலும் கொள்ளும்.

வந்த எண் வந்தபடியே எழுதப்படுகிறதா என்பதைச் சோதிப்பதே இவ்விஷயத்தில் மிக முக்கியமான காரியமாயிருந்தும், பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. சில கருவிகள் உள்ளே வரும் எண்களைத் தம் சொந்தத் தாளத்துக்கு மாற்றி எழுதுகின்றன. சில, அளவுத் திருகின் வழியே செலுத்திப் பெருக்கியோ குறைத்தோ எழுதுகின்றன. கணினியிலுள்ள ஒரு கோப்பை, ஒலியளவு முதலியவற்றை மாற்றாது அனுப்பும் டிஜிட்டல் வெளியீட்டின் வழியே ஓடவிட்டு, கருவியில் பதிவு செய்து, இரண்டு கோப்புகளையும் தொடக்கம் பொருந்த வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதுடன் கூட்டிப் பார்த்தால், முழு நிசப்தம் கிடைக்குமாயின் கருவி நம்பத்தக்கது. மெல்லிய முணுமுணுப்பேனும் எஞ்சுமாயின் எங்கோ எண் மாறியிருக்கிறது. டிடிஎஸ் என்னும் சுற்றொலி முறையில் எழுதிய குறுந்தகட்டை ஓடவிட்டுப் பதிவு செய்து, பதிவைத் திரும்ப டிடிஎஸ் சாதனத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் ஒரு வழி. எண்கள் மாறியிருந்தால் இசைக்குப் பதிலாக இரைச்சலே கேட்கும். அரைமணி நேரத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் ஒரு மகா வித்வானின் கச்சேரிக்குக் கருவியைக் கொண்டு செல்வது பெருந்தவறு.

பாட்டரி குறித்துச் சில வார்த்தைகள். மைக்ரோட்ராக்கின் முதல் வடிவத்தில் பாட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தமையால், அது தளர்ந்த பின் கருவியின் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். நான்கு ஏஏ பாட்டரிகளில் ஓடும் பிசிஎம்-டி50 எந்த ஊரிலும் எக்காலத்திலும் உயிர்பெறும். பழைய கருவியை வாங்குவோர் இதையே முதலில் விசாரிக்க வேண்டும். டாட் கருவிகளின் உற்பத்தியைச் சோனி 2005இலும் மினிடிஸ்க் கருவிகளின் உற்பத்தியை 2013இலும் நிறுத்திவிட்டமையால், அவற்றின் தலைகளும் சக்கரங்களும் பழுதுற்றால் உதிரிப் பாகம் கிடைப்பது துர்லபம். வீட்டில் பழைய நாடாக்கள் உள்ளவர் தவிர ஏனையோர் அவற்றை நாடலாகாது.

இந்நாளில் எண்கள் பெரும்பாலும் யூஎஸ்பி வழியாகவே கைபேசிக்கும் கணினிக்கும் நுழைகின்றன. 2019இல் வந்த ஜூம் எஃப்6 போன்ற கருவிகள் 32 பிட் மிதவைப் பதிவினால், அளவைத் தவறாக வைத்ததால் நேரும் சிதைவையும் பெருமளவு நீக்கிவிட்டன. புதிதாகத் தொடங்குபவர் இவ்வழியே செல்லலாம். கையில் நல்ல கன்வெர்ட்டர் இருந்து, செலவைக் குறைக்க விரும்புபவர், 24 பிட் எழுதுவதும், பாட்டரியை மாற்றத்தக்கதும், மேற்சொன்ன சோதனையில் தேறியதுமான பழைய கருவி ஒன்றை, விற்பவர் முன்னிலையிலேயே தம் சொந்தச் சாதனத்துடன் இணைத்து, ஒரு மணி நேரம் இடையறாது பதிவு செய்து பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.