ஃபிளெய்ஷரின் பட்டியலும் ஒரு படத்தின் இரு முடிவுகளும்

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களைக் காலம் கடந்து ஒப்பிடுவோர் இன்றும் நாட் ஃபிளெய்ஷரிடமிருந்தே தொடங்குகின்றனர். 1922இல் 'தி ரிங்' இதழைத் தொடங்கிய அவரது பட்டியலில் ஜாக் ஜான்சன் முதலிடம். அடுத்து ஜெஃப்ரிஸ், ஃபிட்ஸிமன்ஸ், டெம்ப்சி, கார்பெட். ஜோ லூயிஸ் ஆறாவது, மார்சியானோ பத்தாவது. முகமது அலிக்கு இடமே இல்லை.

இதைக் கண்ணால் கண்டவரின் சாட்சியம் என்பர். அப்படிக் கொள்ள இயலாது. ஃபிளெய்ஷர் பிறந்தது 1887. கார்பெட்டை வீழ்த்தி ஃபிட்ஸிமன்ஸ் பட்டம் வென்ற 1897இல் அவருக்கு வயது ஒன்பது. ஜெஃப்ரிஸ் ஓய்வு பெற்றபோது பதினேழைத் தாண்டவில்லை. முதல் ஐவரில் மூவர் உச்சத்தில் இருந்த காலத்தில் அவர் பள்ளிச் சிறுவர். பட்டியலில் பேசுவது கண் அன்று, கேட்டு வளர்ந்த காது.

எடையையும் அவர் பொருட்படுத்தவில்லை. கார்பெட்டுடன் மோதியபோது ஃபிட்ஸிமன்ஸின் எடை ஏறத்தாழ 167 பவுண்டு. இன்று அது லைட் ஹெவிவெயிட்டின் 175 பவுண்டு வரம்புக்கும் கீழே. சுற்றுகளும் அப்படியே. 1915இல் ஹவானாவில் ஜான்சனும் வில்லார்டும் 45 சுற்றுக்கு ஒப்புக்கொண்டு இறங்கினர். 26ஆம் சுற்றில் ஜான்சன் வீழ்ந்தார். இன்று பட்டப் போட்டிக்குப் பன்னிரண்டே சுற்று. நெடுநேரம் தாங்கி நிற்பவரும் குறுகிய நேரத்தில் முடிப்பவரும் ஒரே தராசில் நிற்பதெப்படி?

அலியை ஃபிளெய்ஷர் ஒதுக்கினார் என்ற குற்றச்சாட்டில் மட்டும் நிதானம் தேவை. பட்டியலுக்கு 1958 என்ற ஆண்டைக் கொண்டால் அலிக்கு அப்போது பதினாறு வயது, விடுபட்டதில் பொருளேதுமில்லை. 1972இல் இறக்கும்வரை ஆசிரியர் அதைத் திருத்தவில்லை என்பதே குறை.

இனி, இதே ஒப்பீட்டைக் கணினியிடம் ஒப்படைத்த அந்தப் படம். 1967இல் மர்ரி வொரோனர் என்சிஆர் 315 கணினியைக் கொண்டு வானொலியில் ஒரு கற்பனைப் போட்டித்தொடர் நடத்தினார். அதில் ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றதாக வந்தது. அலி வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிய, 1969இல் அலியும் மார்சியானோவும் மயாமி அரங்கில் நேரில் மோதுவதாகப் படமெடுத்தனர். மார்சியானோ உடல் இளைத்து, தலையில் பொய்முடி அணிந்து வந்தார். படம் 1970 ஜனவரி 20 அன்று திரைக்கு வருவதற்குள் விமான விபத்தில் இறந்தும் போனார்.

அமெரிக்கப் பிரதியில் பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி பெறுகிறார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியிலோ மார்சியானோவின் முகவெட்டுகளால் சண்டை நிறுத்தப்பட்டு அலி வெல்கிறார். கணினியின் கணக்கு ஊருக்கு ஊர் மாறுமா? கணினிக்குள் இட்டவையே நிபுணர்களிடம் கேட்டுத் திரட்டிய மதிப்பீடுகள்தாம். ஃபிளெய்ஷரின் ஆண்டுப் பதிவேட்டைப் படித்து வளர்ந்த தலைமுறை அது என்பதால் பழைய பட்டியலின் சாயல் அதில் படிந்திருக்கலாம் என்பது என் துணிபு. நேர்ச்சான்று இல்லை. ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றது துணிபுக்கு ஆதரவு. பத்தாம் இடத்து மார்சியானோ தொடரையே வென்றது எதிர்.

இரண்டாம் முடிவை வெறும் வியாபாரத் தந்திரமென்றும் தள்ளிவிட முடியாது. 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடன் மோதியபோது மார்சியானோவின் மூக்கு பிளந்தது. சண்டை எந்நேரமும் நிறுத்தப்படலாம் என்றிருந்த நிலையில், எட்டாம் சுற்றில் சார்ல்ஸை வீழ்த்தித் தப்பினார். ஐரோப்பியப் பிரதி கற்பனையே. ஆனால் அந்த மூக்கு உண்மை.