78 நிமிடங்களும் எழும்ப மறுத்த கணினிகளும்



2024 ஜூலை 19, ஒரு வெள்ளிக்கிழமை. இலங்கை நேரம் காலை 9.39க்கு அமெரிக்காவின் க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய கோப்பை இணையம் வழியாக அனுப்பியது. 10.57க்கு அதை நிறுத்தியது. இடையில் 78 நிமிடங்கள்தான். ஆனால் மைக்ரோசொப்டின் கணிப்பின்படி, சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளும் சேர்வர்களும் பாதிக்கப்பட்டன. விமான நிலையங்கள், வங்கிகள், வைத்தியசாலைகள் எல்லாம் தடுமாறின. டெல்டா விமான நிறுவனம் மட்டும் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானப் பயணங்களை இரத்துச் செய்தது.

இது ஹெக்கர்களின் வேலை அல்ல. அந்தக் கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத 21ஆவதைத் தேடி, நினைவகத்தில் தனக்குரியதல்லாத இடத்தை வாசிக்கப் போனது. விண்டோஸ் உடனே நின்றது. நீலத்திரை வந்தது.

சரி, ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் போதாதா? போதவில்லை. ஏன் என்று விளங்க, கணினி எழும்பும் ஒழுங்கைப் பார்க்க வேண்டும்.

பாடசாலையில் முதலில் வோச்சர் கேட்டைத் திறக்கிறார், பிறகு காரியாலயம், பிறகு மணி, பிறகு வகுப்பு. கணினியும் அப்படித்தான். முதலில் மின்சாரம். அடுத்து மதர்போர்ட்டில் உள்ள சிறிய நிரல் நினைவகத்தைப் பரிசோதிக்கும். பிறகு டிஸ்க்கைத் தேடும். பிறகு விண்டோஸின் மையப் பகுதியும் அதோடு சேர்ந்த மென்பொருட்களும் எழும்பும். கடைசியில்தான் பாஸ்வேர்ட் கேட்கும்.

ஆகவே எந்தப் படியில் நின்றது என்பதே முதல் கேள்வி. லைட்டும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். பீப் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் நினைவகம் போன்ற ஒரு பாகம். டிஸ்க்கைக் காணவில்லை என்று எழுத்து வந்தால் டிஸ்க் அல்லது அதன் வயர். விண்டோஸ் அடையாளம் வந்த பிறகு நீலத்திரை விழுந்தால், பெரும்பாலும் மென்பொருள்.

அன்று நடந்தது இந்தக் கடைசி வகை. திருடன் வருமுன் காவலாளி எழும்ப வேண்டும் என்பதால், பாதுகாப்பு மென்பொருள் மிக ஆரம்பத்திலேயே ஓடத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே கோப்பு, அதே விழுகை. புதிய கோப்பை இணையத்தில் இறக்குவதற்குள் பல கணினிகள் விழுந்துவிட்டன. சிலவற்றுக்கு மட்டும் அந்த இடைவெளி கிடைத்தது. மைக்ரோசொப்ட் தனது கிளவுட் சேர்வர்களை 15 தடவை வரை மீள இயக்கிப் பார்க்கச் சொன்னது அதனால்தான்.

மற்றவற்றுக்கு ஆள்தான் போக வேண்டியிருந்தது. கணினியை சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். ஒரு கணினிக்கு அது சின்ன வேலை. ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனத்துக்கு?

இன்னொரு சிக்கலும் வந்தது. பல கணினிகளின் டிஸ்க்குகள் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தன. அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி தேவை. சில இடங்களில் அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சேர்வரும் விழுந்து கிடந்தது! வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

ஜூலை 25இல்தான் 97 வீதத்துக்கும் மேற்பட்டவை மீண்டும் இயங்குவதாக க்ரவுட்ஸ்ட்ரைக் அறிவித்தது. 78 நிமிடத் தவறைத் திருத்த ஆறு நாட்கள்.

நமது பாடசாலைகளிலும் சங்கங்களிலும் கடைகளிலும் பதிவுகள் இப்போது கணினிக்குள் இருக்கின்றன. மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். பதிவுகளுக்குத் தனிப் பிரதி எடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். கணினி எழும்பாத காலையில் கை கொடுப்பது இவைதான்.