கொல்லிமலையின் தொழில்வரி

எழுபது கொண்டையூசி வளைவுகளை ஏறிக் கொல்லிமலைக்கு வேலைக்கு வரும் அரசுப்பள்ளி ஆசிரியரின் சம்பளப் பட்டியலில், வருமான வரி, சேமநிதி முதலிய பிடித்தங்களுக்கு நடுவே அரையாண்டுக்கொரு முறை மட்டும் தலைகாட்டும் தொழில்வரி என்ற அற்பத் தொகையே வம்ச பரம்பரையில் யாவற்றிலும் பூர்விகமானது. சோழர் சாசனங்களில் தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் என்று தொழிலுக்கொரு பெயருடன் வழங்கியவை அதன் முன்னோர். கும்பெனியார் காலத்தில் மொதர்பா என்ற பெயரில் நெசவாளரையும் கடைக்காரரையும் வருத்தியதும் அந்த வம்சமே.

வருமான வரியோ நேற்று வந்தது. 1857-ஆம் வருஷக் கிளர்ச்சிக்குப் பின் காலியாய்க் கிடந்த கஜானாவை நிரப்ப ஜேம்ஸ் வில்சன் 1860-இல் அதைக் கொணர்ந்தபோது, சென்னைக் கவர்னராயிருந்த சார்லஸ் டிரெவெலியன் பகிரங்கமாக எதிர்த்துப் பதவியையே இழந்தார். வரியும் ஐந்தாண்டில் நின்றுபோயிற்று. ஆயினும் 1886-ஆம் வருஷச் சட்டம் அதை நிலைநிறுத்தி, விவசாய வருமானத்தை ஒதுக்கிவிட்டு, உத்தியோகஸ்தரின் சம்பளத்திலிருந்து, பணம் அவர் கைக்கு எட்டுமுன்னரே, ரூபாய்க்கு நாலு பை, ஐந்து பை என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் உறுதிசெய்தது.

அந்த ஏற்பாட்டின் விளைவை இம்மலையில் இன்றும் ஒரே குடும்பத்தில் காணலாம். மிளகும் அன்னாசியும் விளைவிக்கும் தகப்பனார் வருமான வரியை அறியார். மகன் ஆசிரியரானால் தப்ப வழியில்லை. வடகிழக்கு மாநிலங்களில் வாழும் பழங்குடியினருக்கு அங்கே ஈட்டும் வருமானத்தில் வரிவிலக்கு உண்டு. அட்டவணைப் பழங்குடியாகவே அங்கீகரிக்கப்பட்ட கொல்லிமலை மலையாளிக்கு அது இல்லை. இப்பாகுபாட்டின் நியாயம் எனக்கு விளங்கவில்லை.

வருமான வரி தில்லிக்குப் போகிறது. தொழில்வரியோ, பள்ளி எந்த ஊராட்சியின் எல்லைக்குள் நிற்கிறதோ அதற்கே சேர்கிறது. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயரையே இங்குள்ள ஊராட்சிகள் தாங்கியிருப்பதால், நாட்டில் ஈட்டியதில் ஒரு பங்கு நாட்டுக்கே என்ற கணக்கு இம்மலையில் பெயரளவிலும் பொருந்திவிடுகிறது. பங்கு சிறியது என்பதுதான் குறை. அரசியல் சாசனம் இவ்வரிக்கு வருஷத்துக்கு 250 ரூபாய் என வகுத்த உச்சவரம்பு 1988-இல் 2,500 ஆயிற்று. பிறகு சம்பளக் கமிஷன்கள் மூன்று வந்துபோயும் அது அசையவில்லை. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டியோர் யாவரும் ஒரே படியில் நிற்பதால், இவ்வாண்டு சேர்ந்த இளம் ஆசிரியரும் அடுத்த ஆண்டு ஓய்வுபெறும் தலைமையாசிரியரும் ஊராட்சிக்குச் செலுத்துவது ஒரே தொகைதான்.