ஜெர்ரி கோல்ட்ஸ்மித்: படத் தேர்வும் கவனம் பெறாத பின்னணி இசையும்

ஜெர்ரி கோல்ட்ஸ்மித் (பிறப்பு: 10 பிப்ரவரி 1929, லாஸ் ஏஞ்சலிஸ், இறப்பு: 21 ஜூலை 2004, பெவர்லி ஹில்ஸ்) அமெரிக்கத் திரைப்பட இசையமைப்பாளர். அரை நூற்றாண்டுக் காலத்தில் 150-க்கும் மேற்பட்ட படங்களுக்கும் பல தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பின்னணி இசை தந்தவர். ஆஸ்கர் விருதுக்கு 18 முறை பரிந்துரைக்கப்பட்டு, 'தி ஓமென்' (1976) படத்துக்காக ஒரே ஒரு முறை அதைப் பெற்றார். அவரைப் பற்றிப் பேசுவோர் இரண்டு கருத்துகளைச் சேர்த்தே சொல்வது வழக்கம். அவர் மேதை என்பது ஒன்று. வந்த படத்தையெல்லாம் ஒப்புக்கொண்டு அந்த மேதைமையை வீணாக்கினார் என்பது மற்றொன்று. முதல் கருத்தில் சர்ச்சைக்கு இடமில்லை. இரண்டாவது, ஓடாத படத்துக்கு எழுதிய இசை வீண் என்ற கணக்கிலிருந்து பிறப்பது. அந்தக் கணக்கு தவறு. அவருடைய புகழ்பெற்ற இசையும் கவனம் பெறாத இசையும் ஒரே பழக்கத்தின் விளைவுகள். ஒன்றைக் கொண்டாடி மற்றொன்றுக்காக வருந்துவது, அவர் எப்படி வேலை செய்தார் என்பதைப் பார்க்கத் தவறுவதாகும்.

அந்தப் பழக்கம் அவருக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் படிந்தது. யாக்கோப் கிம்பெலிடம் பியானோவும், மாரியோ காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோவிடம் இசைக்கோட்பாடும் பயின்றார்; தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மிக்லோஷ் ரோஷாவின் திரையிசை வகுப்பிலும் அமர்ந்தார். 1950-இல் சிபிஎஸ் நிறுவனத்தின் இசைப் பிரிவில் தட்டச்சு எழுத்தராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் அங்கேயே இசையமைப்பாளரானார். நாடகம் நேரலையில் ஓட, இசையும் அந்த நேரத்திலேயே வாசிக்கப்பட்ட காலம் அது. இந்த வாரம் குற்றக்கதை, அடுத்த வாரம் குடும்பக் கதை என்று எது வந்தாலும் குறித்த நாளில் இசை தயாராக இருந்தாக வேண்டும். கதை பிடித்திருக்கிறதா என்று கேட்க அங்கே அவகாசமில்லை. 1962-இல் மூத்த இசையமைப்பாளர் ஆல்ஃபிரட் நியூமனின் பரிந்துரையால் 'லோன்லி ஆர் தி பிரேவ்' கிடைத்தது. அதே ஆண்டு ஜான் ஹஸ்டன் இயக்கிய 'ஃபிராய்ட்' அவருக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையைத் தேடித்தந்தது. வாராவாரம் எழுதிப் பழகிய கை அதன்பின் நிற்கவே இல்லை. அந்த வேகத்தை அசட்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கருவி எந்த வரியை வாசிக்க வேண்டும் என்பதைத் தம் வரைவிலேயே அவர் குறித்துவிடுவார். நெடுங்காலம் உடனிருந்த ஆர்தர் மார்ட்டன் போன்ற இசைக்கோர்ப்பாளர்களின் வேலை, பெரும்பாலும் அதை முழு வாத்தியக் குழுவுக்கான தாளாக விரித்து எழுதுவதுதான்.

படம் ஓடாது என்று தெரிந்திருந்தும் ஏன் ஒப்புக்கொண்டார் என்பது பின்னாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி. இசையமைப்பாளர் அழைக்கப்படுவது கடைசியில். பெரும்பாலும் சில வாரங்களே கையில் இருக்கும். அவர் அறிந்தவை இயக்குநரின் பெயர், படத்தின் வகை, ரீரெக்கார்டிங் தேதி ஆகியவைதான். 1982-ஐ எடுத்துக்கொள்வோம். 'போல்டர்கைஸ்ட்', 'ஃபர்ஸ்ட் பிளட்', 'தி சீக்ரெட் ஆஃப் நிம்', 'நைட் கிராஸிங்' ஆகியவற்றோடு 'இன்ச்சான்' என்ற கொரியப் போர்ப் படமும் அந்த ஆண்டு அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. கடைசியாகச் சொன்னது ஹாலிவுட்டின் பேர்போன தோல்விகளில் ஒன்று. ஆனால் அதை இயக்கியவர் ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் படத்தை எடுத்த டெரன்ஸ் யங். தளபதி மக்ஆர்தராக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே. ஒப்பந்தத் தாளில் பார்த்தால் மற்ற நான்கையும்விட அதுவே கௌரவமான வேலையாகத் தெரிந்திருக்கும். மறுபக்கம், ஆஸ்கர் வாங்கித் தந்த 'தி ஓமென்' எப்படிப்பட்ட படம்? சாத்தானின் பிள்ளையைப் பற்றிய பேய்க்கதை. இயக்குநர் ரிச்சர்ட் டானர் அப்போது பெரும்பாலும் தொலைக்காட்சிக்காரராகவே அறியப்பட்டவர். 'நல்ல படங்களை மட்டும்' ஏற்பது என்ற விதியை கோல்ட்ஸ்மித் வைத்திருந்தால், லத்தீன் சேர்ந்திசையைக் கறுப்பு வழிபாட்டுப் பாடலாகத் திருப்பிப் போட்ட அந்த இசை பிறந்தே இருக்காது.

அவரிடம் தேர்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் தேர்ந்தெடுத்தது மனிதர்களை. இயக்குநர் ஃபிராங்க்ளின் ஷாஃப்னருக்கு ஏழு படங்கள் செய்தார். அவற்றில் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' (1968), 'பேட்டன்' (1970), 'பாப்பியான்' (1973) ஆகிய மூன்றை எல்லோரும் அறிவார்கள். முதலாவதில் சமையலறையின் எஃகுக் கிண்ணங்களும் ஆட்டுக்கொம்பும் வாத்தியங்களாயின. இரண்டாவதில் எதிரொலிக் கருவிக்குள் செலுத்தப்பட்ட ட்ரம்பெட் ஓசை தளபதியின் பழங்கால நினைவுகளைப் போலத் தேய்ந்து மறைந்தது. அதே நட்பின் பெயரால் ஏற்ற 'லயன்ஹார்ட்' (1987) அமெரிக்காவில் பெரிய அளவில் வெளியாகவே இல்லை. இதைத் தவறான தேர்வு என்போர், முந்தைய மூன்றையும் அதே தேர்வின் கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும்.

ஷாஃப்னருடன் அவர் செய்த படங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், தமக்கு மிகப் பிடித்தது என்று கோல்ட்ஸ்மித்தே சொல்லிவந்ததும் ஒன்றுதான்: 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' (1977). ஹெமிங்வேயின் மறைவுக்குப்பின் வெளிவந்த நாவலைத் தழுவிய படம். பஹாமாஸ் தீவொன்றில் தனித்து வாழும் சிற்பியிடம் மூன்று மகன்கள் கோடை விடுமுறைக்கு வருகிறார்கள். அதன் முதன்மை மெட்டைப் பெரும்பாலும் ஒற்றைப் பிரெஞ்சு ஹார்ன் பாடுகிறது. கீழே நரம்புக் கருவிகள் அலைபோல எழுந்து தணிகின்றன. மெட்டு மேலேறும்போது உச்சியில் ஒரு தீர்வு வரும் என்று காது எதிர்பார்க்கும். அவர் அதைத் தராமல் பின்வாங்குவார். பிள்ளைகளிடம் பாசத்தைச் சொல்லத் தெரியாத தகப்பனின் குணம் அந்த ஒரு பின்வாங்கலில் இருக்கிறது. நடுமகன் பெரிய மார்லின் மீனோடு மணிக்கணக்கில் போராடும் நீண்ட காட்சியில் இசை துள்ளலாகத் தொடங்கி, நேரம் போகப்போக இறுகி, சாகசத்திலிருந்து வேதனைக்கு நகர்கிறது. தூண்டில் கயிற்றின் இழுப்பைவிட, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனின் நெஞ்சையே அது பின்தொடர்கிறது. படம் மெதுவானது, வசூலாகவில்லை. அவருடைய பிரபலமான இசைத் தொகுதிகள் எதிலும் இந்த அளவு அடக்கமும் கனிவும் ஒருசேர இல்லை.

கவனம் பெறாத படங்கள் அவருக்குப் பட்டறையாகவும் இருந்தன. மைக்கேல் கிரைட்டனின் 'ரன்அவே' (1984) யாரும் நினைவில் வைத்திராத ரோபோ படம். அதன் முழு இசையையும் மின்னணுக் கருவிகளிலேயே அமைத்தார். இரண்டே ஆண்டில் 'ஹூசியர்ஸ்' (1986) என்ற கிராமத்துக் கூடைப்பந்துப் படத்தில் அதே மின்னணுத் தாளத்தை வாத்தியக் குழுவோடு இணைத்து, பந்து தரையில் மோதும் ஓசையையும் தாளத்துக்குள் கொண்டுவந்து, ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 'வால் ஸ்ட்ரீட்' படத்துக்கென நினைத்த ஒரு மெட்டு, அந்தப் படத்தின் இசைப் பொறுப்பு கைமாறியதால் 'ஏலியன் நேஷன்' (1988) படத்துக்குப் போனது. அங்கே அவருடைய இசை முழுவதுமாக நிராகரிக்கப்பட்டது. கடைசியில் 'தி ரஷ்யா ஹவுஸ்' (1990) படத்தில் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸின் சாக்ஸஃபோனில் அது இடம்பிடித்தபோது, அந்த மெட்டுக்கு வேறு படமே இருந்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. அவர் கேட்காமலே இசை இப்படிப் படம் மாறியதும் உண்டு. 'ஏலியன்' (1979) படத்தின் தொகுப்பின்போது இயக்குநர் ரிட்லி ஸ்காட்டும் தொகுப்பாளர் டெர்ரி ராலிங்ஸும் கோல்ட்ஸ்மித் புதிதாக எழுதியதைச் சில இடங்களில் நீக்கிவிட்டு, பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய அவருடைய 'ஃபிராய்ட்' இசைத் துண்டுகளைப் பொருத்தினார்கள். முடிவில் ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனியைச் சேர்த்தார்கள். அவருக்கு அது ஆறாத மனக்குறை. ஆனாலும் அதில் ஓர் உண்மை வெளிப்படுகிறது: சில்லிட வைக்கும் 'ஏலியன்' இசையின் ஒரு பகுதி, பின்னாளில் மறக்கப்பட்ட ஒரு மனோதத்துவப் படத்திலிருந்து வந்தது.

சக இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸைக் காட்டி எழுப்பப்படும் ஆட்சேபம் வலுவானது. 1974 முதல் ஸ்பீல்பெர்கோடும், 1977 முதல் ஜார்ஜ் லூகாஸோடும் நின்று, வில்லியம்ஸ் ஒவ்வொரு மெட்டையும் உலகமே கேட்கும்படி செய்தார். கோல்ட்ஸ்மித்தும் அப்படி இருந்திருக்கக் கூடாதா? கூட்டணி அமைவது ஒருவர் எடுக்கும் முடிவால் மட்டுமல்ல. ஷாஃப்னர் 'பேட்டன்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய இயக்குநர். அவரோடு சேர்ந்து நின்றது 1970-இல் யார் பார்த்தாலும் புத்திசாலித்தனமான முடிவு. அவருடைய பிற்காலப் படங்கள் ஓடவில்லை, 1989-இல் அவர் இறந்தும் போனார். தவிர, கோல்ட்ஸ்மித்தின் இயல்பு வேறு. வில்லியம்ஸ் ஒரு மொழியை ஆழப்படுத்தினார். கோல்ட்ஸ்மித் படத்துக்குப் படம் மொழியை மாற்றினார். 'சைனாடவுன்' (1974) படத்துக்கு வேறொருவர் எழுதிய இசை தள்ளப்பட்டு, பத்தே நாளில் புதிதாக எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. நான்கு பியானோ, நான்கு ஹார்ப், நரம்புக் கருவிகள், இரண்டு தாளக் கலைஞர்கள், ஒரே ஒரு ட்ரம்பெட் என்ற விசித்திரமான குழுவை அவர் கேட்டார். எதற்கும் தயார் என்ற பழக்கம் இல்லாதவருக்கு அந்தப் பத்து நாள் போதாது.

எல்லாமே சிறப்பு என்று வாதிடவில்லை. தொண்ணூறுகளின் சில நகைச்சுவைப் படங்களிலும் அதிரடிப் படங்களிலும் அவருடைய கை பழக்கத்தில் ஓடுகிறது. முன்பே எழுதிய தாள அமைப்புகள் திரும்ப வருகின்றன. 'டோட்டல் ரீகால்' (1990) படத்துக்கு அவர் உழைத்து எழுதிய சிக்கலான இசை வெடிச்சத்தத்தில் அமிழ்ந்தது அவரைச் சோர்வடையச் செய்தது. அதன்பின் சிறிய, மனித உறவுகளைப் பேசும் படங்களை நாடத் தொடங்கினார். 'ரூடி' (1993) அந்தத் திருப்பத்தில் வந்தது. வீழ்ச்சிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மொத்தப் பழக்கத்தையும் குற்றம் சொல்லலாம் என்றால், அதே பத்தாண்டின் 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' (1997), 'முலான்' (1998) இரண்டையும் எங்கே வைப்பது?

பின்னணி இசை படத்துக்காகவே இருப்பது, படம் தோற்றால் இசையும் தோற்றதாகத்தான் பொருள் என்ற வாதம் இன்னும் அடிப்படையானது. இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது 'லெஜண்ட்' (1985). 'ஏலியன்' கசப்புக்குப் பிறகும் கோல்ட்ஸ்மித் ரிட்லி ஸ்காட்டிடம் திரும்பிப் போனார். கதை கேட்ட பாடல்களைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதித் தந்து, மாதக்கணக்கில் உழைத்தார். ஐரோப்பாவில் அந்த இசையோடு படம் வெளியானது. அமெரிக்காவில், முன்னோட்டக் காட்சிகளில் வரவேற்பில்லை என்று படத்தைக் குறுக்கி, அவருடைய இசையை நீக்கி, டாஞ்சரின் டிரீம் குழுவின் மின்னணு இசையைச் சேர்த்தார்கள். அங்கும் படம் ஓடவில்லை. ஒரே காட்சிகளுக்கு இரண்டு இசை. டாஞ்சரின் டிரீம் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சூழலைத் தருகிறது. கோல்ட்ஸ்மித் காடு, ஒளி, இருள் மூன்றுக்கும் தனித்தனி இசை உலகங்களை அமைத்து, சேர்ந்திசையால் அவற்றை ஒன்றோடொன்று மோதவிடுகிறார். 2002-இல் அவருடைய இசையோடு இயக்குநர் பதிப்பு டிவிடியில் வந்தபோது, சிதறலாகத் தெரிந்த கதைக்கு ஒரு முதுகெலும்பு இருந்தது தெரிந்தது. படத்தின் தோல்விக்கும் இசையின் தரத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

அப்படியானால் ஓடாத படங்களின் இசை ஏன் கேட்கப்படாமல் போனது என்றால், காரணம் பெரிதும் வணிகம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்க விதிப்படி, படத்துக்காக வாசித்ததை இசைத்தட்டாக வெளியிட்டால் வாத்தியக்காரர்களுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டும். அதனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல தட்டுகள் முப்பது நிமிடத்தோடு நின்றன. ஓடாத படத்துக்குத் தட்டே வராததும் உண்டு. அந்த விதி பொருந்தாத லண்டனிலும் புதாபெஸ்ட்டிலும் வாத்தியக் குழுக்களை வைத்துப் பதிவு செய்ததால் சில பிழைத்தன. இன்ட்ராடா, வரேஸ் சராபாண்ட் போன்ற சிறு நிறுவனங்கள் பின்னாளில் முழு இசையையும் தேடி வெளியிட்டதால்தான் 'நைட் கிராஸிங்' இன்று கேட்கக் கிடைக்கிறது. 1979-இல் இரண்டு குடும்பங்கள் தாங்களே தைத்த வெப்பக்காற்றுப் பலூனில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பிய உண்மைக் கதை அது. டிஸ்னி எடுத்த அந்தப் படத்தில் எல்லைக்காவலின் இரும்புத் தாளமும், பலூன் எழும்போது விரியும் மெட்டும் எதிரெதிரே நிற்கின்றன. நிகராகுவா புரட்சியைப் பற்றிய 'அண்டர் ஃபயர்' (1983) பரிந்துரை பெற்றும் மறக்கப்பட்டது. பேட் மெத்தேனியின் கிதாரோடு அவர் சேர்த்த குழல்கள் நிகராகுவாவுடையவை அல்ல, ஆண்டீஸ் மலைநாட்டுடையவை. இதைக் குறையாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் புகைப்படக்காரன் ஒருவன் இறந்த தலைவனை உயிரோடிருப்பதாகக் காட்டும் அந்தக் கதையில், களிப்பும் குற்ற உணர்வும் ஒரே மெட்டில் நிற்பது அபூர்வம். குவென்டின் டாரன்டினோ 2012-இல் 'ஜாங்கோ அன்செய்ண்ட்' படத்தில் அந்த இசையின் ஒரு பகுதியை எடுத்தாண்டார்.

உடல்நலம் குன்றிய நிலையிலும் அவர் படங்களை ஏற்றார். திரைக்கு வந்த கடைசிப் படம் 'லூனி டூன்ஸ்: பேக் இன் ஆக்‌ஷன்' (2003). அதே ஆண்டு 'தி ஓமென்' காலத்து நண்பர் ரிச்சர்ட் டானருக்காக 'டைம்லைன்' படத்துக்கு எழுதிய இசை, படம் மறுபடி தொகுக்கப்பட்டபோது கைவிடப்பட்டு, பிரையன் டைலரின் இசை சேர்க்கப்பட்டது. கோல்ட்ஸ்மித்தின் பதிப்பு அவர் இறந்த ஆண்டிலேயே தனி இசைத்தட்டாக வெளிவந்தது.