கைக்கு விலங்கு, பேச்சுக்குப் பூட்டு

1/ மக்களே, சாந்தோம் காது கேளாதோர் பள்ளி, கதீட்ரல் ரோடு லிட்டில் ஃப்ளவர், அடையாறு செயின்ட் லூயிஸ்... நம்ம ஏரியாவுல கைகள் பேசுறது புதுசில்ல. அந்தக் கைக்கு போலீஸ் விலங்கு போட்டா என்ன ஆகும்? ஒரு சின்ன சட்ட வரலாறு.

2/ 1872 சாட்சியச் சட்டத்திலேயே, வாய் பேச முடியாத சாட்சி நீதிமன்றத்தில் எழுதியோ சைகையிலோ சொன்னால் அது வாய்மொழி சாட்சியம்தான். வெள்ளைக்காரன் காலத்துலயே சைகைக்கு மதிப்பு இருந்தது. ஆனா சாட்சிக் கூண்டில் மட்டும்.

3/ 1980, பிரேம் சங்கர் சுக்லா வழக்கு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், விலங்கு போடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது, தப்பாமல் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் என்றார். நமக்கு அது மானப் பிரச்சினை. காது கேளாதவருக்கு மொழியே போயிடுது.

4/ 2013 திருத்தத்தில், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி புகார் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர், வீடியோ பதிவு வந்தது. நல்ல விஷயம். கைதாகிறவர் பக்கம் மட்டும் அவ்வளவு தெளிவா எதுவும் எழுதப்படல. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதுச் சட்டமோ, சில குற்றங்களுக்கு விலங்கை அனுமதிக்குது.

5/ இப்ப மருத்துவம். கேட்கும் நரம்பும் சமநிலை உறுப்பும் உள்காதில் பக்கத்து வீட்டுக்காரங்க. அதனால காது கேளாத சிலருக்கு இருட்டில் நடை தள்ளாடும். குரல் ஏற்ற இறக்கம் இல்லாம சத்தமா வரும். பார்க்கிறவங்களுக்கு "குடிச்சிருக்கான், எதிர்க்கிறான்" போலத் தோணும். முதுகுப் பக்கம் இருந்து "நில்லு"ன்னு கத்தினா நிக்காம போறது திமிர் இல்ல.

6/ அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரம், 2017. கையில் குழாய் வச்சிருந்த ஒருத்தரைப் பார்த்து போலீஸ் கத்தினாங்க. "அவருக்குக் காது கேட்காது"ன்னு அக்கம்பக்கத்துல அலறியும் சுட்டுட்டாங்க. இறந்துட்டார்.

7/ 2025 பிப்ரவரியில் நம்ம உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லணும்னு அழுத்தமா சொன்னது. சைகையும் மொழிதானே?

8/ கைதானவரை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டி வரும்போது நாங்க செய்யக்கூடியது: முன்னாடி, வெளிச்சத்துல நின்னு பேசணும். கையை அவிழ்க்கச் சொல்லணும். பேப்பர், பேனா கொடுக்கணும். ஆனா எல்லாருக்கும் எழுத வராது, சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்கணும். காது கேட்காதுன்னு சீட்டுல எழுதணும். காயத்தை அவர்கிட்டயே கேட்டுப் பதியணும், கூட வந்த காவலர்கிட்ட இல்ல.