ஆட்டக்காரர் சரியில்லையா, ஆட்ட உத்தி சரியில்லையா? கிரானிட் ஷாக்காவை வைத்துப் பார்ப்போம்

"அவனை முதல்ல வெளிய எடுங்கப்பா!"

காற்பந்து பார்க்கும் எந்தக் காப்பிக் கடையிலும் இந்தக் குரல் கேட்கும். பெரும்பாலும் அது மத்தியத் திடல் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றித்தான் இருக்கும். பக்கத்து மேசையிலிருந்து உடனே பதில் வரும்: "அவன் என்ன செய்வான்? கோச் போடுற இடம் அப்படி!"

இதில் யார் சொல்வது சரி? அதைப் பார்க்க ஆர்சனலின் முன்னாள் அணித் தலைவர் கிரானிட் ஷாக்காவை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அன்றிரவு என்ன நடந்தது?

2019 அக்டோபர் 27. ஆர்சனல் சொந்தத் திடலில் கிரிஸ்டல் பேலஸுடன் மோதியது. நம் நேரப்படி அது திங்கட்கிழமை பின்னிரவு. மறுநாள் வேலை இருந்தும் கண் விழித்துப் பார்த்தவர்கள் பலர். நானும் அதில் ஒருவன்.

2-0 என்று முன்னணியில் இருந்த ஆர்சனல் 2 கோல்களை விட்டுக்கொடுத்தது. 61ஆம் நிமிடத்தில் ஷாக்காவின் எண் பலகையில் தெரிந்ததும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஆரவாரம் செய்தனர். அவர் மெதுவாக நடக்க, ஆரவாரம் கூச்சலாக மாறியது. ஷாக்கா காதருகே கையை வைத்து 'இன்னும் கத்துங்கள்' என்பதுபோல் சைகை காட்டினார். சட்டையைக் கழற்றியபடி நேராக உள்ளே போய்விட்டார்.

அவருக்குப் பதிலாக இறங்கியவர் புக்காயோ சாக்கா. (ஷாக்கா, சாக்கா: தமிழில் எழுதும்போது எங்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு!)

சில நாள்களில் தலைவர் பதவி பறிபோனது. அந்தப் பதவிக்கு அவர் வந்ததே ஒரு மாதத்துக்கு முன்புதான், அதுவும் சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து.

ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

காரணம் இல்லாமல் இல்லை. 2016இல் சுமார் 35 மில்லியன் பவுண்டுக்கு ஆர்சனல் அவரை வாங்கியது. அதே கோடையில் செல்சி 32 மில்லியனுக்கு வாங்கியவர் எங்கோலோ கான்டே. ஒருவர் திடல் முழுக்க ஓடிப் பந்தைப் பறித்து வந்தார். இன்னொருவர் திரும்புவதற்குள் எதிரணி கடந்து போய்விடும். ஒப்பிடாமல் எப்படி இருப்பார்கள்?

2019 செப்டம்பரில் டோட்டன்ஹமுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் சறுக்கி விழுந்து சொன் ஹியுங் மின்னைத் தடுத்ததில் பெனால்டி போனது. இரண்டு வாரம் கழித்து வாட்ஃபர்டுக்கு எதிராக ஆர்சனல் 2 கோல் முன்னணியைக் கோட்டைவிட்டது. அந்த ஆட்டத்தில் எதிரணி கோலை நோக்கி 31 முறை பந்தை அடித்தது! ஆட்டம் முடிந்ததும், இரண்டாம் பாதியில் அணி பயந்து ஆடியதாக ஷாக்கா பேட்டியில் சொன்னார். அது எரிகிற தீயில் எண்ணெய்.

ஆனால் அந்த 31ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் ஆட்டக்காரர் மோசமாக ஆடினால் ஒன்றிரண்டு வாய்ப்புகள் போகலாம். 31 வாய்ப்புகள் போகுமா? அணி பந்தைப் பின்னாலிருந்து கொண்டுவர முயன்று அடிக்கடி பறிகொடுத்தது. பக்கவாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் முன்னால் ஏறிப் போயிருந்தார்கள். நிர்வாகி உனாய் எமெரி அணியமைப்பையும் அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தார். பந்து பறிபோனதும் நடுவில் பெரிய வெட்டவெளி. அங்கே தனியாக நின்று துரத்த வேண்டியவர், அணியிலேயே வேகம் குறைந்த ஒருவர்.

அந்த வேலைக்கு அவர் சரியான ஆள் இல்லை என்று ரசிகர்கள் சொன்னது உண்மை. அந்த வேலையை அவரிடம் கொடுத்தது யார் என்ற கேள்விதான் அதிகம் எழவில்லை.

'நம்பர் 6', 'நம்பர் 8' என்றால் என்ன?

ரசிகர்கள் வாதாடும்போது அடிபடும் எண்கள் இவை. சட்டையில் உள்ள எண் அல்ல. ஷாக்கா ஆர்சனலில் பெரும்பாலும் அணிந்தது 34.

'6' என்றால் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்பவர். பந்தைப் பறிப்பார், இடைவெளியை அடைப்பார், பாஸைத் தொடங்கி வைப்பார். '8' அவருக்கும் தாக்குதல் வரிசைக்கும் இடையில் ஓடுபவர். கோல் பகுதிக்குள்ளும் நுழைவார். '6' தவறு செய்தால் பின்னால் தற்காப்பு ஆட்டக்காரர்களும் கோல்காப்பாளரும்தான் மிச்சம். '8' தவறு செய்தால் அதைச் சரிசெய்ய இன்னும் ஆள் இருக்கும். அதனால்தான் ஒரே தவறு ஓரிடத்தில் கோலாகிறது, இன்னோரிடத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை.

அர்டெட்டா என்ன மாற்றினார்?

2019 டிசம்பரில் மிக்கெல் அர்டெட்டா பொறுப்பேற்றபோது ஷாக்கா கிளம்பும் முடிவில் இருந்தார். அர்டெட்டா பேசி இருக்க வைத்தார். பல ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் அவர் செய்தது எளிய மாற்றம். ஆர்சனலிடம் பந்து இருக்கும்போது ஷாக்கா இடது பக்கம் பின்னால் இறங்கித் தற்காப்பு ஆட்டக்காரர்களோடு நிற்பார். இடப்பக்க ஆட்டக்காரர் கீரன் டியர்னி தாராளமாக மேலே ஏறுவார். இதனால் ஷாக்காவுக்கு எதிரே திடல் முழுதும் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் எதிரி இல்லை. அவருடைய பலமே இடது காலால் தூரமாகக் கொடுக்கும் துல்லியமான பாஸ்தானே. டியர்னி காயமடைந்தபோது இடப்பக்கத் தற்காப்பிலும் ஆடினார்.

பெரிய மாற்றம் 2022இல் வந்தது. மான்செஸ்டர் சிட்டியிலிருந்து வந்த ஒலெக்சாண்டர் சின்ச்சென்கோ பெயருக்குத்தான் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர். பந்து கிடைத்ததும் நடுத்திடலுக்கு வந்து தாமஸ் பார்ட்டியின் பக்கத்தில் நின்றுவிடுவார். அதாவது, ஷாக்காவின் பழைய வேலையைச் சின்ச்சென்கோ எடுத்துக்கொண்டார். 29 வயது ஷாக்கா 'இடது 8' ஆக முன்னால் அனுப்பப்பட்டார்.

விளைவு? அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 7 கோல்கள். அதற்கு முந்தைய 6 பருவங்களில் எதிலும் அவர் இதை நெருங்கியதில்லை. ஆர்சனல் 84 புள்ளிகளுடன் 2ஆம் இடத்தில் முடித்தது. வேகம் கூடவில்லை. வயதுதான் கூடியது. நிற்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாம் உத்தியின் குற்றமா?

அதுவும் இல்லை. ஆர்சனலில் அவர் வாங்கிய சிவப்பு அட்டைகள் 5. 2020 டிசம்பரில் பர்ன்லி ஆட்டக்காரரின் கழுத்தைப் பிடித்தது எந்த உத்தியிலும் இல்லை! 2022 ஜனவரியில் லிவர்பூலுக்கு எதிரான லீக் கிண்ண அரையிறுதியில் 24ஆம் நிமிடத்திலேயே வெளியேறி, மற்ற 10 பேரை மீதி நேரம் முழுதும் போராட வைத்தார். அதற்காகத் திட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. 2023இல் ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்குப் போன ஷாக்கா அங்கே ஆடியது '8' ஆக இல்லை, பழையபடி '6' வேலையில்தான். ஆனால் நிர்வாகி ஷபி அலோன்சோ அவருக்குப் பின்னால் 3 தற்காப்பு ஆட்டக்காரர்களை நிறுத்தினார், பக்கத்திலும் ஓர் ஆளைத் துணை வைத்தார். பந்து பெரும்பாலும் லெவர்குசனிடமே இருந்தது. 2023-24 பருவத்தில் அந்த அணி 34 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் வெற்றியாளரானது. ஜெர்மன் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர் ஷாக்கா.

ஆக, 'ஷாக்காவுக்கு 6 ஒத்துவராது' என்று அடித்துச் சொன்னவர்களும் (என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்) பாதிதான் சரி. தனியாக விடப்பட்ட '6' தான் ஒத்துவரவில்லை.

ஆட்டம் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

உங்களுக்குப் பிடிக்காத ஆட்டக்காரரைப் பந்து அவரிடம் இல்லாதபோது 10 நிமிடம் மட்டும் பாருங்கள். தொலைக்காட்சியில் கேமரா பந்தோடு ஓடும், கொஞ்சம் சிரமம்தான். அவருக்குப் பாஸ் வரும்போது அருகே எத்தனை பேர் இருக்கிறார்கள்? அணி பந்தை இழக்கும்போது அவருக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, இல்லை ஓடி வருவதற்கே 20 மீட்டர் தூரமா? அவருக்குப் பதில் இறங்குபவர் அதே இடத்தில் அதே தவறைச் செய்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், அடுத்த முறை நிர்வாகியைத் திட்டலாம்.

சக ஆட்டக்காரர்கள் தயாராக நின்றும் பந்தை எதிரியின் காலில் கொடுக்கிறாரா? அப்படியென்றால் காப்பிக் கடைக்காரர் சொல்வதுதான் சரி.

விமர்சனம் எங்கே எல்லை மீறுகிறது?

பேலஸ் ஆட்டத்துக்குச் சில நாள்களுக்குப் பின் ஷாக்கா ஓர் அறிக்கை வெளியிட்டார். அன்று அப்படி நடந்துகொண்டதற்கான காரணத்தையும் விளக்கினார். சமூக ஊடகங்களில் மனைவியைக் கொல்லப்போவதாக வந்த மிரட்டல்களையும், பிறந்து சில வாரங்களே ஆகியிருந்த மகளைப் பற்றி வந்த வசைகளையும் அவர் அதில் குறிப்பிட்டிருந்தார். பாஸ் சரியில்லை என்று சொல்வது வேறு, இது வேறு.

2023 மே 28இல் ஆர்சனலின் பருவ இறுதி ஆட்டம். வுல்வ்ஸுக்கு எதிராக ஷாக்கா முதல் 15 நிமிடங்களுக்குள் 2 கோல்களைப் போட்டார். அவர் அணியைவிட்டுப் போகப்போவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். திடல் அதேதான்.